டேப்பில் வெடித்த சரவெடி

எழுபதுகளில் எங்கள் தீவில் பட்டாசுக்குத் தடை வந்தபோது சிராங்கூன் சாலையில் ஆளாளுக்குப் புலம்பினார்கள். எனக்கு மட்டும் உள்ளூர மகிழ்ச்சி. இனி அண்ணன் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருவார்.

சிறுவயதில், வெடிக்காத பட்டாசை அண்ணன் குனிந்து பார்த்தார். அது காதருகில் வெடித்தது. ஒரு காது போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். அண்ணன் தீபாவளி என்றாலே ஊரை விட்டு ஓடினார். விடிவதற்குள் பஸ் பிடித்துப் பொங்கோல் கடற்கரைக்குப் போய்விடுவார். அந்தப் பக்கம் அப்போது பன்றிப் பண்ணைகள். "அந்த நாத்தத்தக்கூடப் பொறுத்துக்கலாம்மா, இந்தச் சத்தத்த முடியாது" என்பார். எனக்குத் திருமணமாகி ஒரு தீபாவளிக்குக்கூட என் கையால் அவருக்கு எண்ணெய் வைத்ததில்லை.

தடைக்குப் பின் காற்று தெளிந்தது உண்மை. புகை இல்லை, வாசலில் கூட்டி மாளாத காகிதக் குப்பை இல்லை. எதிர்வீட்டுச் சீன அம்மாவின் குழந்தை தீபாவளியன்று இருமவில்லை. அண்ணனும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

என் கணவருக்கோ சத்தமில்லாத தீபாவளி உப்பில்லாத சாம்பார். பாலத்துக்கு அந்தப் பக்கம், தடை இல்லாத ஜோகூரில் இருந்த உறவினர் வீட்டில் சரவெடி வெடிக்கும்போது டேப்பில் பதிவு செய்து கொண்டுவந்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. தீபாவளியன்று காலை, அண்ணனை எதிர்பார்த்து நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கூடத்தில் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. ஓடிவந்து பார்த்தால் மனிதர் டேப்பை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

"பொக இல்ல, நெருப்பு இல்ல, போலீசும் வராது லா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டேப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் படியை எட்டிப் பார்த்தேன். எங்கள் வீடு நாலாம் மாடி. மூன்றாம் மாடித் திருப்பத்தில், படியில் ஒரு புடவைப் பொட்டலம் கிடந்தது. எனக்காக அண்ணன் வாங்கி வந்தது. அவரைக் காணோம்.

மறுநாள் அவர் தங்கியிருந்த அறைக்குப் போனேன். அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"கீழ எறங்கினதும் டேப்புன்னு புரிஞ்சுதும்மா. காலுக்குப் புரியலையே. மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாத."

கணவர் அதன்பின் அந்த டேப்பைத் தொடவில்லை. ஆனால் அதற்குள் அது எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் வீடு வீடாகப் போய் வந்திருந்தது. ஆளுக்கொரு பிரதி எடுத்துவிட்டார்கள். அடுத்த தீபாவளிக்கு மேலேயும் கீழேயும் ஒரே சரவெடிதான், எல்லாம் ஜோகூர் வெடி. ஊரார் கொண்டாட்டத்துக்கு நாம் எப்படிக் குறுக்கே நிற்பது என்று நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பழையபடி பொங்கோலுக்குப் போனார். மறுநாள் வந்து, ஆறிப்போன பலகாரத்தை ருசித்துச் சாப்பிடுவார். வருடா வருடம் இதுவே வழக்கமாகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் மாரடைப்பில் இறந்துபோனார்.

அந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. முதல் நாள் மாலை என் கணவர் தானாகவே ஒவ்வொரு வீடாகப் போய், "வீட்ல துக்கம், மச்சானுக்கு வெடிச் சத்தம் ஆகாது, நாளைக்கு மட்டும் டேப் போடாம இருந்தா நல்லாயிருக்கும்" என்று கேட்டார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மேல்வீட்டு அக்கா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அண்ணனுக்கு ஆகாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்போமே. அது என்ன பெரிய விஷயமா?"



மறுநாள் காலை அப்படி ஓர் அமைதி. படியில் யாரோ ஏறி வரும் செருப்புச் சத்தம்கூட அடுப்படிவரை கேட்டது.