புதுத்தண்ணிக்கு வாங்கிய பூ

வகுப்பில் ஆசியாக் கண்டத்தின் பருவக்காற்றை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒச்சாயி ஞாபகம் வந்துவிடும். கோடையில் கண்டத்தின் நடுப்பகுதி சூடாகிறது, கடலிலிருந்து ஈரக்காற்று கிளம்பி வருகிறது, மேற்கு மலை அதை மறித்து மழையைக் கேரளப் பக்கமே கொட்ட வைக்கிறது, மதுரைக்குப் புழுதிக்காற்றுதான் மிச்சம். ஐப்பசியில் காற்று திசை மாறினால்தான் நமக்கு மழை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒருநாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதையே சொன்னபோது ஒச்சாயி விடவில்லை. "அந்த மலையக் கொஞ்சம் நகத்தி வைக்க வழியே இல்லையா டீச்சரு?" என்று கேட்டாள்.

வைகைக் கரையோரம் கோச்சடையில் எனக்கு அடுத்த வீடு அவள். திருவாதவூரிலிருந்து வாக்கப்பட்டு வந்து, கணவன் வெள்ளைத்துரை இறந்தபின் எருமைப்பால் விற்றே காலம் தள்ளியவள். மகன் சூரியபிரகாஷ் கப்பலூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். எருமையை விற்றுவிட்டு வீட்டில் சும்மா இருக்கச் சொல்லி நச்சரிப்பான். மகன் கையை எதிர்பார்த்து உட்கார அவளுக்கு இஷ்டமில்லை. நான் சொல்லப்போகும் சமயத்தில் அந்த எருமை நிறைசினை. அது கன்று போட்டால்தான் மறுபடி பால், மறுபடி அவள் பிழைப்பு.

வைகையை வருஷத்தில் பாதி நாள் எங்கள் ஆட்கள் ஆறு என்றே நினைப்பதில்லை. மணலும் கோரையுமாகக் கிடக்கும். மாட்டைக் கட்டுவார்கள், வண்டியை நிறுத்துவார்கள். அணையைத் திறந்தால் தண்ணீர் ஒரேயடியாக வராது. காய்ந்த மணல் குடித்ததுபோக மீதிதான் மெல்ல ஊர்ந்து வரும். பெண்கள் இறங்கிப் போய் அதன் முன்னால் பூவைப் போட்டு, சூடம் ஏற்றிக் கும்பிட்டு வரவேற்பார்கள். கோச்சடையில் அந்த முதல் பூ எப்போதும் ஒச்சாயியுடையது. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அணையைத் திறந்துவிட்டார்கள், கரையோரம் இருப்பவர்கள் எச்சரிக்கை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மதுரை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எருமை ஆற்று நடுவே திட்டில் முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தது.

"அக்கா, மொதல்ல எருமைய மேல ஏத்துங்க. மலையில ராத்திரியெல்லாம் மழையாம்" என்றேன்.

"வெயிலப் பாரு டீச்சரு, மண்டையப் பொளக்குது. தண்ணி வந்து சேர நாளைக்கி ஆயிரும். மணல் குடிக்காம விட்டுருமா? நான் போயி பூ வாங்கிட்டு வாரேன்."

"மணல்தான் போன வார மழையிலயே ஊறிக் கெடக்கே! அது இன்னும் எம்புட்டுக் குடிக்கும்?"

"வருசா வருசம் பாக்குறவ நானு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள். நானே அவிழ்த்து வரலாம் என்று இறங்கினால், அந்த எருமை கொம்பை ஆட்டி என்னைப் பக்கத்தில் விடவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அவள் செவ்வந்திப்பூப் பையோடு திரும்பியபோது ஆறு சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஊர்ந்து வரவில்லை, குப்பையும் முறிந்த மரக்கிளையுமாகச் செம்மண் நிறத்தில் பாய்ந்து வந்தது. திட்டு மூழ்கிவிட்டது. எருமை வயிறளவு தண்ணீரில் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

"ஏ தாயி!" பையைக் கரையில் போட்டுவிட்டு ஒச்சாயி இறங்கினாள். நான் அவள் சேலையைப் பிடித்தேன். "போகாதீங்கக்கா! போனா வர மாட்டீங்க!"

"விடு டீச்சரு. கட்டிப்போட்டவ நாந்தானே!"

உதறிவிட்டுப் போனாள். இடுப்பளவு, மார்பளவு. எருமையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முடிச்சைத் தேடினாள். நனைந்த கயிறு இறுகிப்போய் அசைய மறுத்தது. மூச்சைப் பிடித்து மூழ்கி, குச்சியையே ஆட்ட ஆரம்பித்தாள். தலை தெரியும், மறையும். மூன்றாவது முறை மறைந்தவள் நெடுநேரம் எழவில்லை. சூரியபிரகாஷுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

மணல் ஊறிக் கிடந்ததால்தானோ என்னவோ, எருமை இழுத்த இழுப்பில் குச்சி பிடுங்கிக்கொண்டது. எருமை வெள்ளத்தோடு நீந்தியது. அதன் வாலில் ஒச்சாயியின் கை இருந்தது. அடுத்த படித்துறை வரைக்கும் நான் கரையோரமாகவே ஓடினேன். ஏன் அந்தப் பூப்பையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

படித்துறையில் எருமை ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஒச்சாயி அதன் வயிற்றில் காதை வைத்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். உள்ளே கன்று அசைந்ததும், கணவன் இறந்தபோதுகூட அழாதவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு என் கையிலிருந்து பையை வாங்கினாள். ஆற்றுக்குப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பையிலிருந்த பூச்சரம் முழுவதையும் எருமையின் கொம்பில் சுற்றினாள்.

"ஆத்துக்கு?" என்றேன்.

"அதுக்கு அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."