புகையறையில் ஒரு லேத்து

2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானல் சந்தை நாள். கவுஞ்சியிலிருந்து புறப்படும் காலை பஸ்ஸில் காரட் மூட்டைகளுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில்தான் மனிதர்கள். என் பையை உள்ளே தள்ளிவிட்டு அண்ணன் பாலமுருகன் ஜன்னலோரம் வந்து நின்றான்.

“பாப்பா, உன் ரூம்ல சின்னதா ஒரு லேத்து போட்டுக்கட்டுமா?”

“வேலை மூணு மாசந்தாண்ணே, முடிஞ்சதும் வந்துருவேன். என் சாமான் எல்லாம் அங்கதான் கெடக்கு.”

“சரி சரி, சும்மா கேட்டேன்.”

அறைச் சாவி என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். திரும்பி வர எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அண்ணன் கோவையில் ஒன்பது வருடம் இரும்பு கடையும் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவன். சொந்த ஊரில், சொந்த மெஷினில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே திரும்பி வந்தான். எங்கள் பக்கம் மருந்தடிக்கும் மெஷினில் புஷ் என்கிற ஒரு சின்ன வளையம் தேய்ந்தால்கூட அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு வரை இறங்க வேண்டும். ஒரு நாள் சோலி கெட்டுப்போகும். வேலை வரும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இடம்தான் இல்லை. வீட்டில் எல்லோரும் படுக்கும் முன்கூடம் ஒன்று, பூட்டிய என் அறை ஒன்று, பின்னால் பூண்டுக்குப் புகை போடும் அறை ஒன்று.

மலையில் எது பூசணம் பிடிக்கக் கூடாதென்றாலும் அது புகையறைக்குத்தான் போகும். விதைப்பூண்டு, கம்பளி, மழைக்கால விறகு எல்லாம் அங்கேதான். அண்ணனும் அப்படியே யோசித்தான். மூடுபனியில் இரும்பு துருவேறும், புகையறையில் ஏறாது.

டிசம்பரில் பழைய லேத்து ஒன்றைக் கழற்றி வேனில் கொண்டுவந்தான். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பது படி இறங்க வேண்டும். எட்டுப் பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். மெஷின் நிற்கும் இடத்துக்கு மட்டும் சிமெண்ட் போட்டான். அதற்குப் பிறகு ஒரு ஆள் திரும்பி நிற்கத்தான் இடம். டிரில்லிங் மெஷினைச் சுவரில் பலகை அடித்து ஏற்றினான். ஸ்பேனர்களை வைத்தது கதவின் முதுகில். நீளமான கம்பியைக் கடைய இடம் போதாததால் மண்சுவரில் ஓட்டை போட்டு, கம்பியின் பின்பாதியை வெளியே சுழலவிட்டான். கோழி எதுவும் மாட்டிக்கொள்ளாமல் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய்.

“ஆட்டுக்கு வாலு இருக்கலாம்லே. வீட்டுக்கு எதுக்குலே வாலு?” என்று கேட்டாளாம் அம்மா காளியாயி.

மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. மார்ச்சில் பூண்டு எடுத்தார்கள். கட்டுக்கட்டாக மேலே தொங்கவிட்டுக் கீழே புகை போட்டார்கள். அண்ணன் மெஷினைத் தார்ப்பாயால் மூடித்தான் வைத்தான். ஆனாலும் கரி இறங்கியது. கரியும் எண்ணெயும் கலந்து குழம்பாகி, மெஷினில் வெட்டும் உளி நகரும் படுகையை உப்புத்தாள் போலத் தேய்த்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கதிர்வேல், அண்ணன் கடைந்து கொடுத்த புஷ்ஷைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“என்ன மாப்ளே, ஒரு பக்கம் கல்யாணச் சோறு தின்னது மாதிரி இருக்கு, மறுபக்கம் பட்டினி கெடந்தது மாதிரி இருக்கு?”

அண்ணன் சிரித்தபடியே வாங்கி வைத்துக்கொண்டானாம். அதற்கு அடுத்த வாரம் பூண்டு வியாபாரி திருமலைச்சாமி வந்தார். ஒரு கட்டுப் பூண்டை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

“காளியாயிக்கா, இது பூண்டா, பஸ் டிப்போவா?”

அவர் எடுக்காமலே போய்விட்டார். பூண்டுதான் எங்களுக்கு ஒரு வருடச் சோறு. மெஷின் இங்கே இருக்கக் கூடாது என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு என் அறையைக் காட்டி, “பூட்ட ஒடைச்சுப் போடுலே” என்றும் சொன்னாள்.

“வேணாம்மா. ரூமயும் எடுத்துக்கிட்டா அவ எதுக்கு வருவா?”

ஏப்ரலில் அவன் என்னைக் கூப்பிட்டான். அப்போது நான் சிக்கிமில் ஒரு விடுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எப்ப வர்ற என்று மட்டும் கேட்டான். மழை முடியட்டும் என்றேன். லேத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூனில் அதைத் திண்டுக்கல்லில் ஒரு கடைக்கு விற்றுவிட்டு, பழைய பட்டறைக்கே வேலைக்குப் போய்விட்டான்.

இதையெல்லாம் 2024 மே மாதம் வீடு வந்தபோதுதான் அம்மா சொன்னாள். நான் போய் என் அறையைத் திறந்தேன். சாமான் என்று நான் சொன்னது இரண்டு அட்டைப்பெட்டி, கம்பி முறிந்த குடை, காலேஜ் நோட்டுகள். சிமெண்ட் தரையில் ஈரமே இல்லை. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். அதுவும் காய்ந்தே இருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, காலி அறையைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். “ரூம் ரெடிண்ணே. இன்னொரு மெஷின் பாத்து எடுத்துட்டு வா.” பார்த்துவிட்டான் என்பது தெரிந்தது. பதில் வரவில்லை. பிறகு போனில் பேசியபோதெல்லாம் மழையையும் அம்மாவின் முழங்காலையும் பற்றியே பேசினோம்.

எட்டு மாதம் கழித்து, ஜனவரியில், அந்தப் படத்துக்குக் கீழே அவனுடைய பதில் வந்தது.

“பாப்பா, என்ன சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன், கோவிச்சுக்காத. இங்க ஆறு மணிக்கு மெஷின ஆஃப் பண்ணிட்டா என் சோலி முடிஞ்சுது. சொந்தமா போடணும்னு முன்ன இருந்துச்சு. இப்ப அப்படி ஒண்ணும் தோணல. அம்மாவ அந்த ரூம்ல உர மூட்டைய வச்சுக்கச் சொல்லு.”