பதினாலு மாதக் கம்பி

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘அடுப்புக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் எத்தனை காலம் தாங்கும் என்று பார்ப்பது அவள் வேலை. மூன்று மின் அடுப்புகளில் மூன்று விதமான சூட்டில் கம்பித் துண்டுகளை நாள்கணக்கில் போட்டுவைப்பாள். அவ்வப்போது எடுத்து ஆறவைத்து மின்சாரம் கொடுப்பாள். பூச்சு எத்தனையாவது மணியில் போகிறதோ, அதை வைத்துச் சாதாரணச் சூட்டில் அதன் ஆயுளைக் கணக்கிடலாம். பதினொரு வருஷமாகியும் பொத்தானை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அத்தனை பயந்த சுபாவம்.

ஒரு புகாரின் பேரில், போன வருஷம் விற்ற கம்பியைச் சோதித்தாள். ஐநூறு மணி தாங்க வேண்டியது அறுபது மணியில் போய்விட்டது. பத்து வருஷக் கம்பிக்குப் பதினாலு மாதம்தான் ஆயுள் என்றது கணக்கு. அந்தக் கம்பி சுற்றிய மின்விசிறிகள் எங்கெங்கே போயின என்று பதிவேட்டைப் புரட்டினாள். அவள் அக்கா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியின் பெயர் அதில் இருந்தது. பிறந்த குழந்தைகள் வார்டின் ஆறு மின்விசிறிகள். மாட்டிப் பதின்மூன்று மாதம்.

அடுப்பின் சூடு கூடியிருக்கும், சரிபாருங்கள் என்றார் மேலாளர். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வேறு தெர்மாமீட்டர்களை வைத்து இரண்டு நாள் பார்த்தாள். ஒரு டிகிரிகூடப் பிசகவில்லை. உடனே அக்காவுக்குப் போன் செய்து, வார்டு விசிறிகள் தீப்பிடிக்கலாம் என்றாள்.

“கரப்பான்பூச்சியப் பாத்தாலே கட்டில்ல ஏறி நிப்ப. இப்ப ஃபேனுக்குமா?” என்று அக்கா சிரித்தாள்.

“விளையாடாதக்கா. குழந்தைங்க தலைக்கு மேல ஓடுது. முதல்ல நிறுத்தச் சொல்லு.”

அக்காவின் சிரிப்பு நின்றது.

மத்தியானம் அவளே பூச்சைச் சோதிக்கும் மீட்டரோடு போனாள். எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி ஒவ்வொரு விசிறியாக ஒயரை மாட்ட, அவள் கீழே நின்று மீட்டரின் முள்ளைப் பார்த்தாள். பூச்சு நன்றாக இருந்தால் முள் ஏறும். நான்கு பரவாயில்லை. ஐந்தாவதில் முள் அசையவே இல்லை. கழற்றிப் பிரித்தார்கள். நகம் பட்டதும் பூச்சு கரியாக உதிர்ந்தது. எலெக்ட்ரீஷியன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அக்கா தொட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டு போனாள். இவள் மேலாளருக்குப் போன் செய்தாள்.

அன்றே மேலாளர் அந்தக் கம்பி போன எல்லா இடத்துக்கும் தகவல் அனுப்பினார். ஆனால் அதற்கு முந்தின நாளே ஒரு கிடங்கில் அதே கம்பி சுற்றிய விசிறி தீப்பிடித்திருந்தது. காவல்காரருக்குக் கையில் தீக்காயம். அவரைப் பார்க்கப் போனாள்.

“காலையிலயே கருகுற வாடை வந்துச்சும்மா. பக்கத்து வீட்டு அடுப்புன்னு நெனச்சேன்” என்றார் அவர்.

தெர்மாமீட்டர் பார்த்த அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ரொம்ப எரிகிறதா என்று மட்டும் கேட்டாள்.