கோச் சாருக்காக நான் தட்டிய கதவுகள்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் எங்கள் கோச் சாருடைய அண்ணனுக்கு ஒரு கடை இருந்தது. அதன் வாசலில் ஓர் எடைமேடை. லாரியில் ஏற்றுமுன் கம்பிக் கட்டுகளையும் பழைய இரும்பையும் நிறுக்கிற மேடை அது. கால் படும் தகடு துருவேறிக் கிடக்கும். பக்கத்துக் கம்பத்தின் உச்சியில் சிவப்பு எண்கள் எரியும் பெட்டி. சாலைக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் எண் தெரியும். கபடி ஆடும் பெண்கள் ஒன்பது பேரையும் சனிக்கிழமைதோறும் காலையில் கோச் சார் அந்த மேடையில்தான் ஏற்றி நிறுத்துவார். எண்ணை உரக்கப் படிப்பார். லோடு ஏற்றும் ஆட்கள் கையில் கொக்கியோடு நின்று பார்ப்பார்கள். போதாததற்குக் கைபேசியில் படம் பிடித்து அணியின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவார்.

எடைப் பிரிவு வைத்து நடக்கும் போட்டிகள், அதனால் நிறுத்தே ஆகவேண்டும் என்பார். அது உண்மைதான். ஆனால் எங்களுக்கு இரும்புப் பெயர் வைக்கச் சொல்லி எந்தப் போட்டி விதியிலும் இல்லை. ஒருத்தி தகடு. ஒருத்தி ஆங்கிள். நான் கர்டர், கூரையைத் தாங்குகிற கனத்த இரும்பு உத்தரம். "தள்ளிக்கோங்கடா, கர்டரு ஏறுது, மேட வளஞ்சிடப் போவுது!" என்று அவர் சொல்லும்போது ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எங்களில் ஒல்லியானவள் என் தோழி. தண்டையார்பேட்டைக்காரி. அவளுக்கு மட்டும் பெருமையான பெயர்: கம்பி. "இவள பாரு. இவ பிளேயரு. நீங்கள்லாம் வெறும் லோடு" என்பார்.

அவருக்குக் கபடி தெரியாது என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லிப் பழிதீர்க்கிற அவசியம் எனக்கு இல்லை. எதிராளி மூச்சை இழுக்கும் விதத்திலேயே அவள் எந்தக் காலை முன்னால் வைப்பாள் என்று சொல்லிவிடுவார். கணுக்காலைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் பிடித்தால் யாரும் நடுக்கோட்டைத் தொட்டதில்லை. அவர் வாயிலிருந்து ஒரு 'சபாஷ்' வாங்குவதற்காக முழங்கால் தோலை எத்தனையோ முறை மண்ணில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்படி நம்பிய மனிதர் என்பதால்தான் அந்தப் பெயர் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

பிளஸ் ஒன் படிக்கும்போது நான் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தேன். எப்படிக் குறைத்தேன், வீட்டில் எப்படி ஏமாற்றினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். படிக்கிற பிள்ளை ஒருத்திக்கு அது வழிகாட்டியாகிவிடக் கூடாது. முதலில் ஒரு போட்டிக்காக என்றுதான் தொடங்கியது. பிறகு போட்டி மறந்துபோனது, குறைப்பது மட்டும் மிஞ்சியது. தட்டின் முன் உட்கார்ந்தால் உள்ளே ஒரு குரல் எண்ணைப் படிக்கும். அது கோச் சாரின் குரல். பிறகு ஒரு சனிக்கிழமை அவர் என்னைப் பார்த்து, "அடடே, கர்டரு கரையுது போலகீதே!" என்றார். தோளில் தட்டினார். அன்றைக்கு விம்கோ நகர் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

என் அம்மாவுக்கு மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. "ஊருக்கே ஆக்கிப் போட்டுகினு கீறேன், எம்பொண்ணு ஒரு வாய் துன்ன மாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டில் அழுவார். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. கண்ணேறு என்று மிளகாய் சுற்றினார்கள். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். மாதவிடாய் நின்றபோது அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியாது. அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் தலையிலடித்துக்கொண்டு, "அப்பறம் இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்றார். ஒரு காலை பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தேன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நெஞ்சில் ஒட்டிய வயர்களும், என் இதயம் எவ்வளவு மெதுவாக அடிக்கிறது என்று ஓயாமல் காட்டிக்கொண்டிருந்த திரையும்தான் முதலில் தெரிந்தன. மூன்றாம் நாள் மனநலப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவிடம், "இது பிடிவாதம் இல்லீங்க. நோய். உங்க பொண்ணு வேணும்னு பண்ணல, நீங்களும் எதுவும் தப்பா வளர்க்கல" என்றார். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "சோறு வேணாம்னு ஒரு வியாதியா டாக்டரு?" என்று கேட்டார். "ஆமா. இதயத்தையே நிறுத்திடற வியாதி" என்றார் டாக்டரம்மா.

கேன்டீனில் அண்டா அண்டாவாகச் சமைக்கிற அம்மாவுக்கு, ஆஸ்பத்திரியில் எனக்கு வயிறாரச் சோறு போட மறுத்தது முதலில் விளங்கவேயில்லை. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நேரத்துக்கு நேரம் ஒரு நர்ஸ் தட்டோடு வந்து எதிரில் உட்காருவார். சாப்பிட்டு முடித்த பிறகும் என்னைத் தனியாக விடாமல் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். நான் தட்டைத் தள்ளியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், அந்த நர்ஸின் கையைக் கடித்தும் இருக்கிறேன். மறுநாள் அவர் கையில் கட்டோடு வந்து, "இட்லிய கடி, என்ன கடிக்காத" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எடை பார்க்கும்போது என்னைத் திருப்பி நிறுத்துவார்கள். எண் எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். முதல் முறை அப்படி நின்றபோது சுவரைப் பார்த்துக்கொண்டு ஏன் அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

தோழியைப் பற்றி டாக்டரம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவளும் சாப்பிடுவதில்லை, என்னைவிட மோசமாக இருக்கிறாள், மாடிப்படி ஏற முடியவில்லை, நகம் நீலமாக இருக்கிறது என்றேன். அவர் உடனே அம்மாவைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணையும் அழைத்துவரச் சொன்னார். அம்மா அன்றைக்கே தண்டையார்பேட்டை போனார். அவர்கள் வீட்டில் கோச் சார் உட்கார்ந்திருந்தார். மாநில அணித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, அந்தப் பெற்றோரிடம் சொன்னாராம்: "அது மெண்டல் டாக்டரும்மா. அங்க பேரு எழுதிட்டா நாளைக்கு எவன் கட்டிப்பான்? உங்க பொண்ணுக்கு ஒண்ணியும் இல்ல. டிசிப்ளினா கீது, அவ்ளோதான்." அவர்கள் அவரை நம்பினார்கள். நானும் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் அவரைத்தான் நம்பியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துப் பயிற்சியின்போது அவள் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். என்னை வார்டிலிருந்து விடவில்லை, அம்மாதான் போய்வந்தார். கோச் சார் பெரிய மாலையோடு வந்தாராம், 'இப்படி ஒரு கட்டுப்பாடான பொண்ணு இனி கிடைக்காது' என்று பேசினாராம்.

அன்று பகல் சாப்பாடு வந்தபோது நான் நர்ஸைக் காத்திருக்க வைக்கவில்லை. சோறு, பருப்பு, முட்டை என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சாப்பிட்டேன். டாக்டரம்மா வந்து என்னவென்று கேட்டார். "அந்தாள சும்மா வுட மாட்டேன்" என்றேன். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "கோபம் நல்லதுதான். ஆனா அதுக்கும் தெம்பு வேணும். நாளைக்கும் சாப்பிடு" என்றார். நான் ஒரே நாளில் குணமாகவில்லை. வார்டை விட்டு வந்த பிறகும் இரண்டு வருடம் வாரா வாரம் போனேன், ஒருமுறை சறுக்கி மறுபடி சேர்ந்தேன். ஆனால் சாப்பிட முடியாத நாட்களில் அன்பு, எதிர்காலம், படிப்பு இவையெல்லாம் எனக்குக் கைகொடுக்கவில்லை. கோச் சார் உயிரோடு இருக்கிறார், நானும் இருக்கவேண்டும். அதுதான் கைகொடுத்தது.

முதலில் முறையாகத்தான் போனேன். மனு எழுதி விளையாட்டு அலுவலகம் ஒன்றில் கொடுத்தேன். "பழைய ஆளும்மா அவரு. அந்தப் பொண்ணு நெஞ்சு வலியிலதான செத்துச்சு?" என்று கேட்டு மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பேச்சே இல்லை. அந்தக் கோடையில் திருவொற்றியூர்ச் சுவர்களில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். பெண்களுக்கான கபடிப் பயிற்சி முகாம், அவர் படத்தோடு. அதன் முன்னால் நின்றபோதுதான் தோன்றியது. அவர் என் தோழியைக் கொன்றது ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிய நாலு வார்த்தையால். வீடு எனக்கும் தெரியும், பேச எனக்கும் வரும்.

அன்றிலிருந்து அவர் முகாமில் சேரும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிக் குடியிருப்பின் நாலாவது மாடி. கையில் என் ஆஸ்பத்திரிக் கோப்பு. அம்மாக்களிடம் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வேன். கபடி ஆடட்டும், ஆனால் இவரிடம் வேண்டாம் என்பேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். "உனுக்கு டீம்ல எடம் கெடைக்கலனு வயித்தெரிச்சலா?" என்று ஒருவர் கேட்டார். வருடங்கள் போகப் போகக் கதவுகள் திறந்தன. என் தோழியின் அம்மாவே சில வீடுகளுக்கு என்னோடு வந்தார். தன் மகளின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது மட்டும்தான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது. ஒன்பது பேர் இருந்த முகாம் ஐந்தானது, மூன்றானது. ஒரு கோடையில் அவர் தனியாக மைதானத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றதைப் பேருந்திலிருந்து பார்த்தேன். பரிதாபம் வரவில்லை. இனித்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் கவலைப்பட்டார். "இது உன்னைத் தின்னுடாதா?" என்றார். சாப்பிடுகிறேனா, தூங்குகிறேனா என்று கேட்டார். இரண்டும் நடக்கின்றன என்றேன். மன்னிக்கச் சொல்லி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

போன மாதம் கோச் சார் என்னைத் தேடி வந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலை எனக்கு. மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். நரைத்துத் தளர்ந்துபோய் வாசலில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

"போதும்மா. உன்னால எனக்கு டீமே இல்ல. எண்ணூர்ல கடைசியா ஒரு கேம்ப் போட்டுகீறேன். அத மட்டும் வுட்டுடு" என்றார்.

நான் இன்னொரு வாய் சாப்பிட்டேன். "செத்துப்போனாளே, அவ பேரு இன்னா சார்?"

"யாரு... அதான், அந்தக் கம்பி..."

"அது நீங்க வச்சது. அவங்கம்மா வச்ச பேரு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். யோசிக்கத்தான் செய்தார். நான் அவசரப்படுத்தவில்லை. குழம்புச் சோறு முடிந்து தயிருக்கு வந்தேன். தயிரும் முடிந்தது. அவருக்குப் பெயர் வரவில்லை. "வயசாயிடுச்சிம்மா" என்றார். "சரி, போங்க" என்றேன். அவர் படியிறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தச் சாப்பாட்டுக்குத்தான் காத்திருந்தேனோ என்று தோன்றியது.

எண்ணூரில் முகாம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு விசாரித்துப் போய் முதல் வீட்டைத் தட்டினேன். பதிமூன்று வயது இருக்கும், ஒரு பெண் கதவைத் திறந்தாள். "அம்மா மார்க்கெட்டு போய்கீது, குந்துங்க அக்கா" என்று சொல்லி, ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். நீயும் எடுத்துக்கோ என்றேன். ஒன்றை எடுத்தாள். இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கையிலிருந்த மறுபாதியையும் வாயில் போடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உன் பேரு என்ன?" என்று கேட்டேன். சொன்னாள்.

"சார் உன்ன எப்படிக் கூப்பிடுவாரு?"

அவள் முகம் மாறியது. கையிலிருந்த பாதியையும் தட்டில் வைத்தாள். என் ஆஸ்பத்திரிக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அம்மா வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.