பெரியண்ணன் போட்ட ‘ங்க’

போன வாரம் நாமக்கல்லில் ஒரு தெரிந்தவர் என்னை மடக்கினார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாராம்.

“சார், வெட்டிங் ப்ளானர் வைக்கலாம்னு இருக்கோம். உங்க அனுபவத்துல எப்படிங்க?”

வைக்கலாம். தாராளமாக வைக்கலாம். ஆனால், அதற்கு முன் என் நண்பர் சின்னசாமியின் கதையைக் கேளுங்கள் என்றேன். அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

சின்னசாமி என்னோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதிக்காரர். இப்போது மிளகு, மரவள்ளி என்று விவசாயம். ஒரே மகள் நிவேதா, பெங்களூரில் வேலை. அவளுக்கு ஆசை, சொந்த மலையிலேயே ஒரு ரிசார்ட்டில் கல்யாணம் செய்ய வேண்டும் என்று. கோயம்புத்தூரிலிருந்து பிரியா என்ற ப்ளானர் வந்தார்.

கெட்டிக்காரப் பெண். அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. அடிவாரத்திலிருந்து விருந்தாளிகளுக்கு பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றுபவர்களுக்கு பஸ் ஏறும்போதே மாத்திரை. மழை வந்தால் குடை, கரண்ட் போனால் ஜெனரேட்டர்... நாம் கவலைப்பட ஆரம்பிப்பதற்குள் அவர் கவலைப்பட்டு முடித்திருப்பார். ப்ளானரிடம் இதை நீங்கள் நிச்சயம் எதிர்பார்க்கலாம்.

முதல் நாள் பேச்சிலேயே பிரியா ஒன்று கேட்டார். நானும் கூட இருந்தேன்.

“அங்கிள், உங்க சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க... யாராவது ஏதாவது செய்யற வழக்கம் உண்டா? சொன்னா நான் அதுக்கு இடம் விட்டு ப்ளான் பண்றேன்.”

“ஒண்ணும் வேண்டாங்கம்மா. வந்து சாப்பிட்டுட்டுப் போனாப் போதும். எதுக்கு அவங்களுக்குச் சிரமம்? எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். தப்பு என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ரிசார்ட் கேட்டில் ஒரு மினி லாரி வந்து நின்றது. குலை தள்ளிய இரண்டு வாழை மரங்கள், கட்டுக்கட்டாக மாவிலை, நாலைந்து பலாப்பழம். கூடவே பெரியண்ணன். சின்னசாமியின் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். ‘வாடா, போடா’ என்று சின்னசாமியைக் கூப்பிடுகிற ஒரே ஆள். இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷம் என்றாலும் சின்னசாமி வீட்டு வாசலுக்குப் பெரியண்ணன்தான் வாழை கட்டுவார். பெரியண்ணன் வீட்டுப் பந்தியில் சின்னசாமிதான் சாம்பார் வாளி தூக்குவார். யாரும் யாரையும் அழைத்து வேலை சொன்னதில்லை.

கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஊழியர் ஓடிவந்தார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. “அண்ணா, டெக்கர் முடிஞ்சிருச்சுண்ணா. வெள்ளைப் பூ தீம். வாழை மரம் செட் ஆகாதுண்ணா.”

பெரியண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். தூரத்தில் புல்வெளியில் சின்னசாமி கோட்டு சூட்டில், மகளோடு போட்டோவுக்கு நின்றிருந்தார். அவரும் லாரியைப் பார்த்துவிட்டார். ஒரு அடி எடுத்து வைத்தார்.

“அங்கிள்... நகராதீங்க, இங்க பாருங்க!” என்றார் போட்டோகிராபர்.

அங்கே பார்த்தார்.

வாழை மரங்களை ஜெனரேட்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். பெரியண்ணன் மறுநாள் வந்தார், சாப்பிட்டார், மணமக்களை வாழ்த்தினார், போனார். அப்புறமாகப் பேசிக்கொள்ளலாம் என்று சின்னசாமி நினைத்தார். அந்த அப்புறம் தள்ளிக்கொண்டே போயிற்று.

கல்யாணம் அருமையாக நடந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

போன மாதம் பெரியண்ணன் மகனுக்குக் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். சின்னசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முந்தின நாளே கிளம்பிவிட்டார். நானும் போயிருந்தேன்.

“வாங்க, வாங்க. உக்காருங்க. காபி குடிங்க” என்றார் பெரியண்ணன், நாற்காலியைத் தட்டிப் போட்டபடி.

சின்னசாமிக்குச் சுருக்கென்றது. ‘வாங்க’வா? ‘வாடா’ எங்கே போயிற்று?

மறுநாள் காலையில் பந்தி ஆரம்பித்ததும் எழுந்து போய் சாம்பார் வாளியைத் தூக்கினார். பெரியண்ணன் வந்து, சிரித்த முகத்தோடு வாளியை வாங்கிக்கொண்டார்.

“நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? அதுக்கு ஆளு இருக்குதுங்க.”

கோபமே இல்லை. அதுதான் கொடுமை. முதல் வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து, கையைப் பிடித்து உட்கார வைத்தார். சின்னசாமி இலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கிளம்பும்போது பெரியண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். “டேய் பெரியண்ணா... அன்னைக்கு அந்த வாழ மரம்... நான் வந்து பேசியிருக்கோணும்டா.”

“அட, அதையெல்லாமா மனசுல வெச்சுக்கிட்டிருக்கீங்க? எப்பவோ மறந்தாச்சுங்க.”

என்னை பஸ் ஏற்றிவிட சின்னசாமி கூடவே வந்தார். பஸ் வந்ததும் மெதுவாகச் சொன்னார்: “நாலு வார்த்தை திட்டியிருந்தான்னா, பழையபடி அவன் ஊட்டுக்குப் போயிருப்பேனுங்க.”

ப்ளானர் நம் சிரமத்தையெல்லாம் வாங்கிக்கொள்வார். ஆனால் நமக்காகச் சிரமப்பட யாருக்கு உரிமை என்பதை, அவர் கேட்கும்போதே நாம்தான் சொல்லியாக வேண்டும்!