என் கைக்கு எட்டும் ஃப்ரிட்ஜ்: காரைக்கால்மேட்டில் ஒரு மதியம்

மே இரண்டாவது வாரம், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரமாகவே ஆறு நாள் பயணம். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி, ஓட்டுவது நான், கூட யாரும் இல்லை. பதினோரு வயதிலிருந்து எனக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். தினம் நான்கு ஊசி. "வெயில்ல மருந்து கெட்டுப்போயிடும், நீ போகாத" என்று சொல்லாத உறவினர் கிடையாது. அதற்காகத்தான் 35 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி வண்டியில் பொருத்தினேன்.

வண்டி ஃப்ரிட்ஜ் பற்றி இணையத்தில் தேடிப் பாருங்கள். பாதி வீடியோக்களில் ஆறடி ஆண் ஒருவர் பீர் பாட்டிலை எடுத்துக் காட்டிச் சிரிப்பார். உயிர் பிழைக்க ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் ஆளுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சென்னையில் ஒரு கார் அலங்காரக் கடையில் பதினான்காயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, டிக்கியில் டிராயர் போல வெளியே இழுக்கும் தண்டவாளம் போட்டு அதன்மேல் ஃப்ரிட்ஜை உட்காரவைத்தார்கள். "சார் வந்தா எப்படி இழுக்கறதுன்னு காட்டிடறேன்" என்றார் கடைக்காரர். எந்த சார்? டிக்கித் தரை 78 செ.மீ., தண்டவாளம் 7, ஃப்ரிட்ஜ் 45. ஆக, மூடி 130 செ.மீ. உயரத்தில் மேல்நோக்கித் திறக்கும். என் உயரமே 147. தோளுக்கு மேலே இருக்கும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பணம் கொடுத்து வாங்கிய முட்டாள்தனம்.

காலை 5.30க்குக் கிளம்பி, இரண்டு நிறுத்தங்களோடு தரங்கம்பாடிக்கு வந்தபோது மணி 12. மணலில் ஸ்டூல் சாய்ந்து விழுந்தேன். முழங்கை தேய்ந்தது. பக்கத்துக் காரில் வந்தவர் சிரித்துக்கொண்டே வந்து ஃப்ரிட்ஜுக்குள் கைவிட்டு, என் மருந்து ஒவ்வொன்றையும் தூக்கி "இதாம்மா? இதா?" என்று கேட்டார். உதவிதான். ஆனால் ஒவ்வொரு வேளை ஊசிக்கும் ஓர் அந்நியரைக் கூப்பிட வேண்டுமென்றால் அதற்குப் பெயர் தனிப் பயணம் இல்லை.

அங்கிருந்து 15 கி.மீ. காரைக்கால். பேருந்து நிலையத்துக்கு அருகில் நிறுத்திப் பார்த்தால் ஃப்ரிட்ஜின் திரை அணைந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டர் 14 டிகிரி காட்டியது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை. டவுனில் ஒரு கார் எலெக்ட்ரிக் கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்றார். வரவில்லை, இல்லவும் இல்லை என்றேன். ரெண்டு நாள் ஆகும் என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓர் உருப்படியான காரியம் செய்தார். "மேட்டுக்குப் போங்க. போட்டுக்கு ஒயரிங் பண்றவங்க இருப்பாங்க. தடைக்காலம், எல்லாம் கரையிலதான் கெடக்குது."

காரைக்கால்மேடு நான்கு கி.மீ.தான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் பழுது பார்க்க நின்றன. சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் கடலுக்குப் போய்வந்தன. குமரவேலுக்கு என் வயதுதான் இருக்கும். படகுகளில் பேட்டரி, விளக்கு, வயர்லெஸ் எல்லாம் அவர் வேலை. சிகரெட் லைட்டர் துளையிலிருந்து பின்சீட்டுக்கு அடியில் ஓடிய ஃப்ரிட்ஜின் ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"என்னங்க இது, பூ கட்ற நூலா? இதுல கரண்டு வந்து சேர்றதுக்குள்ள பாதி செத்துப்போயிடும். பேட்டரி காலின்னு நெனச்சு பொட்டி தானே ஆஃப் ஆயிடுது."

"மருந்து இருக்குங்க உள்ள. இன்சுலின்."

ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த வசந்தி அக்கா நிமிர்ந்தார். ஊர் ஊராகப் போய் மீன் விற்பவர். "எடுத்துத் தா இங்க. ஐஸ்ல புதைச்சு வெக்கிறேன்."

"உறையக் கூடாதுக்கா. ஐஸ் நேரா பட்டாலே கெட்டுப்போயிடும்."

"வெயிலும் ஆவாது, ஐஸும் ஆவாதா? எங்க நாத்தனார் மாதிரில்ல இருக்கு ஒன் மருந்து!" என்றவர், மருந்தையும் தெர்மாமீட்டரையும் போட்ட என் டிபன் பாக்ஸைத் துண்டில் சுற்றி, மீனுக்கு மேலே சாக்கு விரித்து அதன்மேல் வைத்தார். பத்து நிமிடத்துக்கொரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஏழு, ஆறு. அங்கேயே நின்றது.

மணி 2.15க்கு வேலை தொடங்கியது. பேட்டரியிலிருந்து நேராக ஏழு மீட்டர் தடித்த படகு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்ப் ஃபியூஸ், உதறினாலும் கழலாத திருகு இணைப்பு. அது முடிந்ததும் தண்டவாளத்தைக் காட்டி "இது எதுக்கு?" என்றார் குமரவேல். "இழுக்கறதுக்கு." "இழுத்து? ஏணி வெச்சு ஏறுவீங்களா?"

பிறகு செய்ததுதான் இந்தப் பதிவின் சாரம். ட்ரில்லைக் கையில் எடுத்தவர், துளை போடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"வந்து நில்லுங்க."

"எதுக்கு?"

"போட்டுல ஐஸ் பொட்டி வெக்கிறப்ப, எடுக்கப் போறவனத்தான் மொதல்ல நிக்க வெப்போம். அவன் கை எங்க போவுதோ அங்கதான் பொட்டி. டேப்பெல்லாம் அப்பறம்."

சென்னைக் கடையில் டிக்கியை மூன்று முறை அளந்தார்கள். என்னை ஒருவரும் அளக்கவில்லை. இங்கே நான் ஒவ்வொரு கதவிலும் நின்று கை நீட்டினேன். வசந்தி அக்கா தீர்ப்பு சொன்னார்: "பின்னாடி வாணாம். எடது பக்கக் கதவுல வைய்யி. ரோட்டுப் பக்கம் எறங்கி நிக்க வேணாம் பாரு." பின்சீட்டின் இடது பாதியைக் கழற்றி டிக்கிக்கு அனுப்பினோம். சீட் போல்ட் துளைகளிலேயே ஒரு பிளைவுட் பலகையை முடுக்கி, ஃப்ரிட்ஜை அதில் இறக்கி, படகில் கட்டும் நாடாவால் இறுக்கினார். மோட்டார் மூச்சுவிட நான்கு விரல் இடைவெளி. மூடி உள்பக்கமாகச் சாயும். உயரம் இப்போது நெஞ்சுக்குக் கீழே.

"அடிவரைக்கும் கையை வுடு. தட்டுதா?" என்றார் அக்கா.

தட்டியது. அந்தக் குளிர்ந்த தரையை ஐந்து விரலாலும் தொட்டேன். கத்தியே விட்டேன். படகில் பெயின்ட் அடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணி 5.50. சாமானும் கூலியும் சேர்த்து 3,100 ரூபாய். பதினான்காயிரத்துத் தண்டவாளத்தைக் குமரவேலிடமே கொடுத்துவிட்டேன். பட்டறைக்கு டிராயர் செய்யப் போகிறாராம்.

ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்ததும் மருந்தைத் திரும்ப அதற்குள் மாற்றினேன். இரவு முழுக்க லாட்ஜ் வாசலில் நின்ற வண்டியில் அது ஓடியது. காலை ஆறு மணிக்கு 4 டிகிரி. உண்மையான சோதனை பாக்கி இருந்தது. வசந்தி அக்காவை மீன் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு கீழவாஞ்சூருக்குப் புறப்பட்டேன். வழக்கமாக அவர் ஆட்டோவில் போவார். பஸ்ஸில் ஏன் போவதில்லை என்று கேட்டேன். "நாத்தமாம். கண்டக்டர் பெட்டியப் பாத்தா விசில் ஊதிடுவான். மத்தியானம் கொழம்புல மட்டும் மணக்கும்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மீனைத் தின்னும் ஊரில்தான், இதைச் சுமப்பவருக்குப் பஸ்ஸில் இடமில்லை. நாம் இன்னும் "கடலோர உணவுச் சுற்றுலா" என்று படம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

துறைமுக லாரிகள் ஓடி ஓடி நொறுங்கிய சாலை. இருபது நிமிடம் குலுங்கினோம். இறங்கியதும் "தொற, பாப்போம்" என்றார் அக்கா. திறந்தேன். 4 டிகிரி. ஃப்ரிட்ஜ் ஒரு விரல்கூட நகரவில்லை. "குமரவேலு கட்டுனா கட்டுனதுதான்" என்று மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச்சாவடியில் ஒரு காவலர் ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். காரைக்காலிலிருந்து வெளியேறும் ஃப்ரிட்ஜில் என்ன இருக்கும் என்று அவருக்கொரு கணக்கு. "எத்தனை பாட்டில்மா?" "ஆறு." கதவைத் திறந்து ஒரு குப்பியைக் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் போடறாங்க. வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க" என்றார்.

பொருத்தப் போகிறவர்களுக்கு: சிகரெட் லைட்டர் துளையை நம்பாதீர்கள், பேட்டரியிலிருந்து தனி ஒயர், ஃபியூஸோடு. வண்டி நிற்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் மாட்டிக்கொள்ளாதிருக்க, ஃப்ரிட்ஜின் பேட்டரிப் பாதுகாப்பை 'ஹை'யில் வையுங்கள். மருந்தென்றால் 5 டிகிரி வைத்து, அடித்தட்டில் துணி விரித்து, தனித் தெர்மாமீட்டர் போடுங்கள். கடைக்காரர் டேப்பை எடுத்தால், யார் எடுக்கப் போகிறார்களோ அவரை முதலில் நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

அன்று மதியம் கோடியக்கரையில், ஆள் அரவமற்ற உப்பள ஓரத்தில் நிறுத்தி, இடது கதவைத் திறந்து நானே எடுத்து ஊசி போட்டுக்கொண்டேன். ஆறாம் நாள் வீடு திரும்பும்வரை எங்கேயும் ஒருவரையும் கூப்பிடவில்லை. கடைசி ஊசியும் முதல் ஊசி போலவே வேலை செய்தது.