துரையின் பச்சைக் குஞ்சுகள்

மெலனிக்கு உலகம் எப்போதும் கொஞ்சம் கரைந்துதான் தெரியும். கற்பிட்டிக் கரையில் வெயில் ஏறிவிட்டால் கடல் எது, மணல் எது என்று அவளால் பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே பளபளப்பாக மிதக்கும். பிறவியிலேயே வெள்ளைத் தோல், வெள்ளை முடி, வெளிச்சம் தாங்காத கண். பெற்றவர்களோ மச்சான் மச்சாள் முறையில் கட்டியவர்கள், இருவரும் நல்ல கறுப்பு. ஊர்வாய் சும்மா இருக்குமா? சாபம் அது இது என்று வாய்க்கு வந்தபடி கதை கட்டியது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், பாலாவியில் மீனும் கிளியும் விற்கும் ரஸாக் இகுவானா என்ற பெரிய ஓணான் இனத்தில் வெள்ளையான ஒன்றைக் கூண்டோடு கொண்டுவந்து அவளிடம் விட்டார். கடை வெளிச்சத்தில் அது கண்ணை மூடியே கிடக்கிறதாம். மெலனி கூண்டின் மேல் ஈரச்சாக்கை விரித்தாள். உடனே அது சிவந்த கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அதற்கு அவள் வைத்த பெயர் துரை. அயலவர்கள் வெளிநாட்டு உடும்பு என்றார்கள், கறிக்கு எப்படி என்று விசாரித்தார்கள். வெட்கங்கெட்ட சனங்கள்!

நடுப்பகல்களில் மெலனி அந்தக் கூண்டடியிலேயே பாய் விரித்துப் படுப்பாள். துரை செவ்வரத்தம்பூவை மெல்லும் சத்தம் கேட்டபடி கண் சொருகும். வெள்ளை மரங்களுக்கு நடுவே வெள்ளை உயிர்கள் நடமாடும் ஓர் ஊர் கனவில் வரும். அங்கே யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகு ரஸாக் துரைக்கு ஒரு பச்சைப் பெட்டையைக் கொண்டுவந்தார்.

"ரஸாக் நானா, பச்சைக்கு எப்பிடி வெள்ளைக் குஞ்சு வரும்?"

"வாப்பாட்ட இருந்தும் வரணும் தங்கச்சி, உம்மாட்ட இருந்தும் வரணும். ஒரு பக்கத்தால மட்டும் வந்தா உள்ளுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும், வெளிய தெரியாது. இவளுக்குள்ளயும் வெள்ளை ஒளிஞ்சிருக்காம். வித்தவன் சொல்றான், அல்லாஹ்தான் அறிவான்."

மெலனி துரையைப் பார்த்தாள். தன் தாய்க்குள்ளும் தகப்பனுக்குள்ளும் அவள் இப்படித்தான் ஒளிந்து கிடந்திருக்கிறாள். சாபமுமில்லை, ஒரு மண்ணுமில்லை.

அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. புருஷன் கிளைட்டன் சிலாபத்தான், சொந்தமில்லை. துணைக்கு வந்திருந்த தாய் கத்தரினாவோ தலவிலைத் தேவாலயத்து அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, துரையின் குஞ்சு என்ன நிறமோ பேரப்பிள்ளையும் அதே நிறம் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டாள். பெட்டை இட்ட முட்டைகளை ஈரமணலில் புதைத்து வைத்திருந்த றெஜிபோம் நுரைப்பெட்டிக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்துவிடுவாள். மெலனி அதைக் கேலி செய்தாலும், உள்ளுக்குள் அவளுக்கும் ஓர் ஆசை: ஒன்றே ஒன்றாவது வெள்ளையாக வரட்டும். தன்னைப் போல இன்னொருவரை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

முட்டைகள் வெடித்தன. வந்த குஞ்செல்லாம் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை.

"வித்தவன் ஏமாத்திட்டான் தங்கச்சி," என்று ரஸாக் தலையில் கை வைத்தார்.

கத்தரினா துள்ளினாள். "அன்னம்மா தாயே! ஒண்டு கூட வெள்ளை இல்ல! தப்பிச்சம் பிள்ளை, தப்பிச்சம்!"

"அப்ப நான், அம்மா?"

கத்தரினாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ரஸாக் மெதுவாக வெளியே போய்விட்டார். தாய் மணல் ஒட்டிய கையோடு அப்படியே நிலத்தில் குந்தினாள்.

"உன்ட நிறத்துக்கு நான் பயப்படேல்ல பிள்ளை. நீ பிறந்த அண்டு வெளிய எரிஞ்ச வெயிலைப் பார்த்துத்தான் பயந்தன். இந்தக் கரையில உன்னை எங்க கொண்டுபோய் வைப்பன்? எனக்கு ஒண்டும் தெரியேல்லயே. தோலெல்லாம் கொப்பளிச்சு நீ கத்தினது இண்டைக்கும் காதுக்குள்ள கிடக்கு."

இத்தனை வருடமாகத் தாய்க்குத் தன் நிறத்தில் வெட்கம் என்றே மெலனி நினைத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்தப் பிள்ளை வெள்ளையாப் பிறந்தாலும் பயப்படாதேங்கோ அம்மா," என்றாள். "வெயில் எங்க சுடும் எண்டு அதுட தாய்க்குத் தெரியும்."